எல்லாக் கணினியிலும் புஷ்பவல்லி

கணினி பழுது பார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்: "அங்கிள், உங்க சர்வீஸ்லயே நீங்க ரொம்ப பயந்த கேஸ் எது?" வைரஸ், புகைந்துபோன சர்வர், காணாமல்போன சம்பளக் கணக்கு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். நான் துறைமுக ஊரான கிள்ளானில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்தவள், இதை எழுதிக் கொடுங்கள், மற்றவர்களும் படிக்கட்டும் என்று என் மனைவியிடம் சிபாரிசு பிடித்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். எந்தக் கேபிளை எங்கே மாட்டினேன் என்றெல்லாம் இதில் தேடாதீர்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு ஆபிசுக்குள் நுழைந்ததும் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்களே, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருந்தது. வேலை செய்யும்போது கீழேயிருந்து ரசம் கொதிக்கும் வாசனை வரும். அந்த நாளில் ஆபரேட்டிங் சிஸ்டம் அட்டைப் பெட்டியில் வரும். உள்ளே ஒரு கட்டு டிஸ்கெட், தலையணை போல ஒரு புத்தகம், உரிமச் சான்று. ஒரு பெட்டி ஒரு கணினிக்கு என்பது சட்டம். நடைமுறையில் ஒரு பெட்டி ஓர் ஆபிசுக்கு. சில இடங்களில் ஒரு பெட்டி ஒரு தெருவுக்கே. ஒரு மெஷினில் ஒழுங்காகப் போட்டு, பெயரைப் பதிந்து, அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே மற்ற மெஷின்களுக்கு நகல் எடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னால், "ஒரு ரேடியோ வாங்கினா வீட்டுல எல்லாரும்தானே கேக்கறாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை.

அப்படி ஒரு நாளில்தான் அந்தப் போன் வந்தது. பேசியவர் கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கப் பேப்பர்கள் தயாரித்துக் கொடுக்கும் ஆபிஸ் அவருடையது. அவர் அப்பா தமிழர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர், ஆகவே தமிழ் நம்மைப் போலவே பேசுவார். சாதாரணமாகப் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய குரல். அன்றைக்குக் கிசுகிசுத்தார்.

"மணியம், என் ஆபிஸ் கம்ப்யூட்டர் எல்லாம் என்னமோ ஆயிருச்சுலா."

"என்ன பாஸ், ஓடலியா?"

"நல்லா ஓடுது. நீ நேர்ல வா. மூணு மணிக்கு முந்தி வந்துரு."

நன்றாக ஓடும் மெஷினுக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ரயில் பிடித்துக் கிள்ளானில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நடந்து போனேன்.

ஆபிஸ் வாசலில் ஒரு தகர டின் நிறைய எரிந்த காகிதச் சாம்பல். அது சீனர்களின் ஏழாம் மாதம், செத்தவர்கள் வெளியே உலாவுவதாக நம்பி அவர்களுக்குக் காகிதம் எரிக்கும் மாதம், ஆகவே அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளே போனதும் நின்றுவிட்டேன். முன் கௌன்டரிலிருந்து பின்சுவர் வரை ஒரே வரிசையில் எட்டு மேசை, எட்டுக் கணினி. எட்டு மானிட்டருக்கும் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். சிலவற்றின் தலையில் எலுமிச்சம்பழம். ஆயுத பூசைக்கு இப்படி வைப்பது உண்டு, நானே வைத்திருக்கிறேன். ஆனால் ஆயுத பூசைக்கு இன்னும் நாள் இருந்தது. கீபோர்டுகளைத் தட்டிப் பார்த்தேன். பட்டன்களுக்கு இடையிலிருந்து விபூதி கொட்டியது. லோரி ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர் சரக்குப் பேப்பர் வாங்க வந்தார். அவர் ஹாலுக்குள் காலை வைக்காமல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்.

முதல் மேசையில் மெஷினை அணைத்துப் போட்டேன். சிஸ்டம் எழும்பும்போது, இந்தப் பிரதி யாருக்கு உரிமம் தரப்பட்டது என்று ஒரு வரி வரும். புஷ்பவல்லி என்று வந்தது. அடுத்த மேசைக்குப் போனேன். புஷ்பவல்லி. அதற்கடுத்ததிலும் புஷ்பவல்லி. நான் மேசை மாற மாற ஹாலில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"யாருங்க இந்தப் புஷ்பவல்லி?" என்றேன்.

எல்லோரும் கடைசி மேசைப் பக்கம் திரும்பினார்கள். பிறகு அங்கே மூத்த கிராணியான மரகதம் அக்கா, ஆபிஸ் எழுத்து வேலையிலேயே தலை நரைத்தவர், தன் நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார். "அவ தவறிப் போயிட்டா தம்பி."

புஷ்பவல்லி அங்கே பல வருடம் வேலை பார்த்தவள். கடைசி மேசை அவளுடையது. கல்யாணம் ஆகவில்லை. பக்கத்துப் பண்டமாரானில் வயதான அம்மாவோடு இருந்தாள். ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கையில் அடிபட்டுப் போய்விட்டாள். அவளுடைய மெஷினைத் துணியால் மூடி வைத்துவிட்டார்கள். சில மாதங்களுக்குப் பிறகு லெட்சுமி என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். இருந்த ஒரே காலியிடம் அந்தக் கடைசி மேசைதான்.

"அந்தப் பொண்ணு வந்து துணியை எடுத்தா. அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு" என்றார் மரகதம் அக்கா.

"என்ன ஆரம்பிச்சுச்சு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இருங்க. நீங்களே பாப்பீங்க."

மூன்று மணி ஆனதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட மணி அடித்ததுபோல வரிசையாக வெளியே போய், ஆபிஸ் முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்றுகொண்டார்கள். தவுக்கே தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மிஞ்சியது நானும், கடைசி மேசையில் ஒரு பெண்ணும். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

"நீ போகலியாம்மா?"

"வெளிய போனா என் பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்கண்ணே. இங்கயே இருந்துருவேன்" என்றாள். "சாப்பாடும் இங்கதான். முதல்ல எல்லாரும் ஒண்ணா பசியாறுவோம். இப்ப நான் உக்காந்தா எழுந்துருவாங்க."

ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே ஷிப்ட் வேலை பார்த்தவள், மாலையில் டைப்பிங் வகுப்புக்குப் போய்ப் படித்து இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து ஆபிசில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள்தான். இன்றோடு போகச் சொல்லிவிடுவார்களோ என்று காலையிலிருந்தே பயமாக இருப்பதாகச் சொன்னாள். சொல்லும்போதே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் முதல் சத்தம் வந்தது.

முன் கௌன்டர் மெஷினில் 'பீப், பீப்' என்று இரண்டு முறை. பிறகு அமைதி. ஒரு ஆள் நிதானமாக ஒரு மேசையைக் கடக்கும் நேரம் கழிந்தது. அடுத்த மேசையில் 'பீப், பீப்'. மறுபடி அமைதி. மூன்றாவது மேசையில். வாசலில் தொடங்கி மேசை மேசையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நாலாவது மேசை மரகதம் அக்காவுடையது. அங்கே அது வரத் தாமதமானது. நான் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்தாவது மேசைக்குப் போய்விட்டதோ என்று நான் தலையைத் திருப்பியபோது, மரகதம் அக்காவின் மெஷின் கத்தியது. அதற்குப் பிறகு ஐந்து, ஆறு, ஏழு. கடைசியாக லெட்சுமியின் மேசை. வந்தவள் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டதுபோல அத்தோடு நின்றது.

எட்டுத் திரையிலும் ஒரே சின்னச் சன்னல். ஆங்கில எழுத்தில் தமிழ்: 'அம்மாவுக்குப் போன் பண்ணு.'

நான் பேயை நம்புகிறவன் இல்லை. அன்றைக்கு என் கை ரோமம் எல்லாம் எழுந்து நின்றது. லெட்சுமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே போய் மரகதம் அக்காவிடம் கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவ உசிரோட இருக்கறப்ப அந்தச் சத்தம் கடைசி மேசைல மட்டும்தான் கேக்கும். கேட்டதும் அம்மாவுக்குப் போன் போடுவா. இப்ப வாசல்லருந்து நடந்து வர்றா. முதல்ல எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் போனா. இப்ப கொஞ்ச நாளா என் மேசைகிட்ட வந்து நிக்கிறா தம்பி. ஒவ்வொரு நாளும் கூடக் கொஞ்ச நேரம் நிக்கிறா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் உங்கள் கை எதையாவது உடனே செய்யத் துடிக்கும். எதையாவது அழி, எதையாவது மாற்று என்று. செய்யாதீர்கள். மெஷினை விட்டுவிட்டு, கடைசியாக அதைத் தொட்டது யார் என்று விசாரியுங்கள். நான் தவுக்கேயின் அறைக்குப் போனேன்.

"பாஸ், இந்த மெஷின்களுக்கு சிஸ்டம் போட்டது யாரு?"

அவர் மேசை விரிப்பைச் சரிசெய்தார். "எல்லாம் புதுசு. நான்தான் வாங்கிப் போட்டேன்."

"எத்தனை டப்பா வாங்குனீங்க?"

ஒரு விரலைக் காட்டினார். "ஒண்ணு. அதுவும் முன்னாடியே வாங்குனது, புஷ்பம் மெஷினுக்கு. மத்ததுல எல்லாம் பழைய கறுப்புத் திரை சிஸ்டம்தானே. லெட்சுமி வர்றதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை ஒரு பையனைக் கூட்டியாந்து, புஷ்பம் மெஷின்லருந்து எல்லாத்துக்கும் ஏத்தச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க? ஸ்டாப்கிட்ட மட்டும் எல்லாம் புதுசுன்னு சொல்லி வச்சேன்."

எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பையன் சிஸ்டத்தை மட்டும் எடுக்கவில்லை, டிஸ்கையே முழுசாக நகல் எடுத்திருக்கிறான். அதனால் புஷ்பவல்லியின் பெயர் எட்டு மெஷினுக்கும் போனது. ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த நினைவூட்டும் புரோகிராம் ஒன்றை அவள் தன் மெஷினில் போட்டு வைத்திருந்தாள். தினமும் பிற்பகல் அம்மாவுக்குப் போன் செய்ய மறக்கக் கூடாது என்று. அதுவும் எட்டு மெஷினுக்கும் போனது. நகல் எடுத்த பிறகு பையன் மெஷின்களின் கடிகாரத்தைச் சரிசெய்திருக்கிறான். முன் மேசையில் ஒரு நேரத்தைத் தட்டிவிட்டு, அடுத்த மேசைக்கு நடந்து அங்கேயும் அதே நேரத்தைத் தட்டியிருக்கிறான். இப்படியே பின்சுவர் வரை. ஆக ஒவ்வொரு கடிகாரமும் முந்தைய மேசையைவிட, அவன் நடந்து வந்த நேரம் அளவுக்குப் பின்தங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த ஹாலில் நடந்த நடையைத்தான் அந்த மெஷின்கள் தினமும் திரும்ப நடந்துகொண்டிருந்தன. மரகதம் அக்கா மெஷினின் கடிகார பேட்டரி தேய்ந்திருக்க வேண்டும், ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் தாமதித்தது.

ஒரு பிரதியை எட்டாக்கினால் உரிமம் விற்ற கம்பெனிக்கு நஷ்டம் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். சரிதான். ஆனால் ஒருவர் புழங்கிய டிஸ்கை நகல் எடுக்கும்போது, அவருடைய பெயரும் பழக்கமும் கவலையும் கூடவே போகும். உங்களுக்குத் தெரியாமலே போகும். அந்த டிஸ்கில் இருந்தது யார் என்று பார்க்காமல் யாருக்கும் ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

தவுக்கேயிடம் விளக்கினேன். வியாபாரி அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அவ்ளோதானா! சரி, அழிச்சிரு. வெளிய ஒண்ணும் சொல்லாத."

"லெட்சுமி?"

"அவ இன்னைக்கோட போகட்டும். நாளைக்குக் கோயில்லருந்து ஐயரை வரச் சொல்லியிருக்கேன், பூசை போட்டுருவாரு. அவ போனா, சத்தமும் நின்னா, எல்லாருக்கும் மனசு ஆறிரும்."

"பாஸ், அவ ஒண்ணும் பண்ணலியே."

"எனக்குத் தெரியாதா? ஆனா மத்தவங்க எல்லாரும் அவ இருந்தா வேலையை விட்டுருவோம்னு நிக்கிறாங்க. உண்மையைச் சொன்னா ஒரே டப்பாவைத்தான் எல்லாத்துலயும் போட்டேன்னு வெளிய தெரியும். ஆபிஸ் ஆபிஸா ரெய்டு வர்ற காலம்லா இது. யாராவது கோவத்துல ஒரு போன் போட்டா நான் காலி."

கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்தது. எனக்கும் அது லாபம்தான். ஒரு பிற்பகல் வேலை, நல்ல வாடிக்கையாளர், பேசாமல் அழித்துவிட்டு ரயில் ஏறலாம். ஆனால் நான் அந்த அறையில் நின்று யோசித்தது இதுதான். இன்றைக்கு அவளை அனுப்பி, இன்றைக்கே சத்தமும் நின்றால், அந்தப் பெண்தான் பேயைக் கொண்டுவந்தாள் என்பது நிரூபணம் ஆகிவிடும். அதை நிரூபித்தவன் நானாக இருப்பேன். கிள்ளானில் ஒரு ஆபிஸ் சங்கதி அடுத்த ஆபிசுக்குப் போக ஒரு தேநீர் நேரம் போதும். பிறகு அவளுக்கு எவர் ஒரு மேசை கொடுப்பார்? திரும்பவும் ஷா ஆலத்தில் போய் நிற்க வேண்டியதுதான். நம் தொழிலில் பிரச்சினையைச் சரிசெய்வதாலேயே ஒருவருக்குக் கெடுதல் செய்துவிட முடியும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

"அழிக்க மாட்டேன் பாஸ். முதல்ல அவங்களுக்குக் காட்டறேன். அப்புறம் அழிக்கறேன்."

"நீ என் கஸ்டமரா, நான் உன் கஸ்டமரா?" என்று கத்தினார். இப்போதுதான் அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது.

"மத்த மெஷினுக்கும் டப்பா வாங்கிருங்க. அப்புறம் யாரு போன் போட்டா என்ன?"

ஜன்னல் வழியாக அஞ்சடியில் நிற்பவர்களைப் பார்த்தார். அப்புறம் லெட்சுமி இருந்த பக்கம் பார்த்தார். மோசமான மனிதர் இல்லை அவர், பயந்துபோன மனிதர். "காட்டு. ஆனா ஒண்ணு. அவங்க நம்பலேன்னா அந்தப் பொண்ணு இன்னைக்கே போகணும். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

எல்லோரையும் வாசலுக்குள் வந்து நிற்கச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டோம் என்றார்கள். சரி, அங்கேயே நில்லுங்கள் என்றேன். பிறகு அந்தப் பையன் செய்ததையே தலைகீழாகச் செய்தேன். சத்தம் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும்படி கடைசி மேசையில் நேரத்தைத் தட்டினேன். முன்னால் நடந்து அடுத்த மேசையில் அதே நேரம். இப்படியே கௌன்டர் வரை வந்தேன். "இப்ப அது பின்னாலருந்து முன்னால வரும். கடிகாரத்தை நான் மாத்துனதால. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவர்கள் நின்றது முன்னால்.

கடைசி மேசையில் 'பீப், பீப்'. அமைதி. ஏழாவது மேசை. அமைதி. ஆறாவது. இத்தனை நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது இப்போது அவர்களை நோக்கி வந்தது. நான் சொன்னதைக் கேட்டிருந்தவர்கள்தான், ஆனால் நாலாவது மேசை கத்தியதும் ஒரு பெண் வீலென்று அலறினாள். ஒருவர் செருப்பை விட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். காரணம் தெரிந்த எனக்கே அந்த நிதானம் பிடிக்கவில்லை. கௌன்டரில் கடைசிச் சத்தம் வந்து நின்றபோது, அது எங்கள் எல்லோருக்கும் எதிரே வந்து நிற்பதுபோலத்தான் இருந்தது.

வெளியே ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்புறம் செருப்பை விட்டுவிட்டு ஓடியவர் திரும்பி வந்து, அசட்டுச் சிரிப்போடு அதை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். தவுக்கேயும் கதவருகே வந்து நின்று, ஒரே டப்பாவைத்தான் எல்லாவற்றிலும் போட்டதாகத் தன் வாயாலேயே சொன்னார். மற்ற ஏழுக்கும் வாங்கிவிடுவதாகவும் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் போய் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கூடையில் போட்டார்.

மரகதம் அக்கா மட்டும் நகரவில்லை. "மத்ததெல்லாம் சரி தம்பி. கடிகாரம்னே வச்சுக்குவோம். எட்டு மெஷின் இருக்கு. எதுக்கு என்கிட்ட மட்டும் நிக்கணும்?"

"பேட்டரிக்கா. உங்க மெஷின்ல பேட்டரி தேஞ்சிருக்கு. இப்பப் பாத்தீங்கல்ல, நிக்காம வந்துருச்சே."

"பேட்டரி" என்றார் அவர். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அவர் நம்பாவிட்டால் மற்றவர்களும் நாளைக்குள் மாறிவிடுவார்கள், அந்த ஆபிசில் அவர் சொல்தான் செல்லும். தவுக்கே என்னைப் பார்த்து மெல்ல உதட்டைப் பிதுக்கினார். கடைசி மேசையில் லெட்சுமியும் அதைப் பார்த்துவிட்டாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இது அவங்க எழுதி வச்சதுதானே?" என்றாள்.

"ஆமாம்மா. உயிரோட இருக்கறப்ப, தனக்கு ஞாபகம் வர்றதுக்கு."

"அப்ப அந்த அம்மாவுக்கு இப்ப யாரு போன் பண்றா?"

இத்தனை நாள் அந்த வரியைப் பார்த்து அலறியிருக்கிறார்கள், விபூதி அடித்திருக்கிறார்கள், காகிதம் எரித்திருக்கிறார்கள். அது சொன்னதைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்து பார்த்த எனக்கும்தான் தோன்றவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகிவிட்டது.

மரகதம் அக்கா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நான் வர்றேன்னு சொன்னேன்" என்றார். "காரியத்தன்னிக்கு அந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, வாரா வாரம் வந்து பாத்துக்கறேன்மான்னு சொன்னேன். ஒரு தடவைகூடப் போகல. முதல் வாரம் வேலை. அப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறதுன்னு ஆயிருச்சு." சொல்லிவிட்டு அழுதார்.

"நம்பர் தெரியுமாக்கா?" என்றாள் லெட்சுமி.

மரகதம் அக்கா அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, லெட்சுமி தன் மேசையிலிருந்தே சுழற்றினாள். பழைய போன், மறுமுனைக் குரல் ஹாலுக்கே கேட்கும். முதல் மணி அடித்து முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ." வயதான குரல், ஆனால் தெளிவான குரல்.

"அம்மா, வணக்கம்மா. நான் புஷ்பம் அக்கா ஆபிஸ்லருந்து பேசறேன். என் பேரு லெட்சுமி. அக்கா சீட்லதான் இப்ப நான் உக்காந்திருக்கேன்."

மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அந்த அம்மா சொன்னார். "மூணு மணிக்கு மேல போன்கிட்டயேதாம்மா உக்காந்திருப்பேன். அடிக்காதுன்னு தெரியும். எழுந்து போகத்தான் மனசு வரல." அப்புறம் கேட்டார். "எனக்குப் பேசச் சொல்லி உங்கிட்ட யாரும்மா சொன்னா? புஷ்பமா?"

லெட்சுமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அரை மணி நேரமாக டிஸ்க், நகல், கடிகாரம், பேட்டரி என்று தொண்டை வறளப் பேசியவன் நான். பிறகு திரையைப் பார்த்தாள். அந்தச் சின்னச் சன்னல் இன்னும் மூடப்படாமல் அங்கேயே இருந்தது.

"ஆமாம்மா" என்றாள். "அவங்கதான் சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அதில் எந்த வார்த்தை பொய் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மரகதம் அக்கா எல்லா மேசைகளையும் கடந்து பின்னால் போனார். ஒரு நாற்காலியை இழுத்து லெட்சுமியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். லெட்சுமி ரிசீவரை அவர் காதில் வைத்தாள்.

நான் முன் கௌன்டரிலிருந்து ஒவ்வொரு மெஷினாக அந்த நினைவூட்டலை அழித்துக்கொண்டு வந்தேன். ஏழாவதை முடித்து நிமிர்ந்தபோது தவுக்கே என் தோளைத் தொட்டார்.

"ஒண்ணுல மட்டும் விட்டுருலா. அழிக்காத."

"எதுல பாஸ்?"

அவர் கடைசி மேசையைக் கையால் காட்டினார். "லெட்சுமி மெஷின்ல."